எழுவாய்

செக்காலை ரோட்டில், எவர்சில்வர் கடைக்கு மேல்மாடியில்
எங்கள் ஆபீஸ்.
கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கும்போதெல்லாம்
என் மேசை லேசாக அதிரும்.

தேவகோட்டையில் ஒரு நகைக்கடன் கடை.
அதற்கு நான் எழுதிய மென்பொருள்.
விரல் வைத்தால் நகை திரும்பும்.
விரல் பொருந்தாவிட்டால் ஓர் எக்ஸெப்ஷனை எறிய வேண்டும்.
எறிந்தேன்.
பெயர்கூட நானே வைத்தேன்: ரேகைப்பிழை.
தாய் கிளாஸிலிருந்து பிறந்த பிள்ளை.
பெயர் வைத்தவள் பேச்சுச் சொல்லித் தரவில்லை,
அது தாயின் சொல்லையே சொன்னது:
"செல்லாத நபர்."

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு
கவுண்டரிலிருந்து அடைக்கலமேரியின் போன்.
"அக்கா, திரையில வந்ததை அப்படியே வாசிச்சுட்டேன்.
அந்தம்மா எந்திரிச்சுப் போகவும் மாட்டேங்குது,
ஒண்ணும் பேசவும் மாட்டேங்குது."

பஞ்சவர்ணம்.
கல்யாணச் சமையல் கோஷ்டியில் பாத்திரம் தேய்ப்பவர்.
முகூர்த்தத்துக்கு நாற்பது அண்டா,
புளி, சாம்பல், இரும்பு நார்.
இரண்டேகால் பவுன் சங்கிலி உள்ளே இருக்கிறது,
அசலும் வட்டியும் மடியில் இருக்கிறது,
ரேகை மட்டும்
எந்த வீட்டு அண்டாவோடோ போய்விட்டது.

செல்லாத காசு கேள்விப்பட்டிருக்கிறேன்.
செல்லாத நோட்டைக் கையில் பிடித்தும் இருக்கிறேன்.
செல்லாத நபர் என்று
ஒருத்தியின் முகத்துக்கு நேரே சொல்ல வைத்தது
என் நான்கு வரி.

கன்ஸ்ட்ரக்டரைத் திறந்தேன்.
"மன்னிக்கவும்" என்று தொடங்கினேன்.
யார் கேட்பது மன்னிப்பை, மெஷினா? அழித்தேன்.
"உங்கள் ரேகை பொருந்தவில்லை."
இன்னும் குற்றம் அவர் மேல்தான். அழித்தேன்.
"நீங்கள் நீங்கள்தான், ஆனால்"
அது எனக்கெப்படித் தெரியும்? வேறு யாராகவும் இருக்கலாம்.
இரக்கம் என்று சொல்லிப் பொய் எழுதக் கூடாது.
அழித்தேன்.

தேனப்பன் அண்ணன் பின்னால் வந்து நின்று
"நாற்பது எழுத்துத்தான் கொள்ளும், காவியம் பாடாதே" என்றார்.

எட்டாம் வகுப்பில் எழுவாய், பயனிலை நடத்தியபோது
ஜன்னல் வழியே பஸ் எண்ணிக்கொண்டிருந்தவள் நான்.
இப்போது எழுவாயை மாற்றினேன்.
படிக்க முடியாதது மெஷின்.
அவர் அல்ல.

சரி, அப்புறம்?

கர்சர் அங்கே துடித்துக்கொண்டு நின்றது.
இனி அவர் என்ன செய்யலாம் என்று சொல்ல
ஒரு வாக்கியம் வேண்டும்.
என்னிடம் இல்லை. கடையிடமாவது இருக்கும் என்று
முதலாளியைக் கூப்பிட்டேன்.
விரல் படியாவிட்டால் என்ன செய்வீர்கள்?
"படியணும்" என்றார்.
படியாவிட்டால்?
போனில் ஃபேன் சத்தம் கேட்டது.

கதவில்லாத சுவரில் நல்வரவு எழுத
நான் எதற்கு?
சும்மா இருந்தேன். அவரும் இருந்தார். ஃபேன் சுற்றியது.
பிறகு அவராகவே சொன்னார்:
அடகு வைத்த அன்று எடுத்த போட்டோ இருக்குல்ல,
மேரி பார்த்துச் சரின்னு சொன்னா
சீட்டுல கையெழுத்து வாங்கிட்டுக் கொடுக்கலாம்.

மூன்றே முக்காலுக்கு ஏற்றினேன்.
பஞ்சவர்ணம் அதுவரை நகரவில்லையாம்.
ரேகைப்பிழை இப்போது கையில் சாமான்களோடு பிறக்கிறது,
எந்த விரல் என்று, கவுண்டரில் யார் என்று:
"வலது பெருவிரலை மெஷினால் படிக்க முடியவில்லை.
போட்டோ பார்த்துத் தருவார்: அடைக்கலமேரி."
நாற்பத்தொரு எழுத்து.
தேனப்பன் அண்ணன் எண்ணவில்லை.

லாகில் இரண்டு வரி.
3.52 ரேகைப்பிழை.
3.58 நகை திரும்பியது.
நடுவில் இருந்த ஆறு நிமிஷத்தை மேரிதான் சொன்னாள்:
வாசித்ததைக் கேட்டுவிட்டு அந்தம்மா
"மெசினுக்குக் கண்ணு தெரியலையா" என்று கேட்டாராம்,
கொஞ்சம் பாவப்பட்டு.

மீதி நாற்பத்து மூன்று பிழைகள்
இன்னும் தாயின் குரலிலேயே பேசுகின்றன.
செல்லாத தொகை. செல்லாத தேதி. செல்லாத முகவரி.
கீழே யாரோ அண்டாவைத் தட்டினார்கள்.
டீ வந்தது.
முகவரியிலிருந்து ஆரம்பித்தேன்.